ஆராய்ச்சி மணி

திருவாரூர் வீதியிலே தேரேறிச் சென்ற அரசிளங்குமரனது தேர்க்காலில் அகப்பட்டு ஆன்கன்று ஒன்று மாண்ட வரலாற்றைத் தமிழ்நாட்டிற் கேளாதார் இலர். கன்று துள்ளி வந்ததை அவன் கண்டிலன். தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து, ஆங்குத் தொங்கிய ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்தது. மணியொலி கேட்டு வெளிப்போந்த மனுவேந்தன், நிகழ்ந்ததை உணர்ந்து, தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு முறை செய்தான். சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துரைக்கும் இவ்வரலாற்றை முதலாண்டு வகுப்பிற் பயின்றபோது, நடுநிலை பிறழாத அவ்வேந்தனது நெஞ்சுரத்தை எண்ணி வியந்தேன். இவ்வாண்டு அதனை மீண்டும் பயில நேர்ந்தது. இம்முறை என் உள்ளம் அரசனிடத்துச் செல்லவில்லை. அம்மணியினிடத்தும் அவ்வீதியினிடத்துமே சென்றது. கன்று மாண்டது, மகன் மாண்டான், முறை நிலைபெற்றது. மறுநாள் அவ்வீதி எவ்வாறிருந்தது? மற்றொரு கன்று மற்றொரு தேரின்முன் துள்ளாதவாறு அங்கு யாது செய்யப்பட்டது? புராணம் இறைவனருளால் மாண்டார் அனைவரும் உயிர்பெற்று எழுந்தனர் என்று இனிது முடிகின்றது. நம் தெருக்களில் மாண்டவர் எழுவதில்லை. ஆதலின் இவ்வினாவை நாம் கேட்டே தீரவேண்டும்.

இவ்வினா நூலறிவினால் மட்டும் என்னுள் எழுந்ததன்று. மூன்றாண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எனது சிறிய தந்தையார் எங்கள் ஆலயத்தில் கீதப் பயிற்சி முடித்து வீடு திரும்பினார். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பாடகர் குழுவிலே கீழ்க்குரல் பாடுபவர். ஆலயத் தெருமுனையைக் கடந்து பேருந்து நிறுத்தத்தை அடையச் சென்ற அவர்மீது, பெருஞ்சாலையிலிருந்து வலப்புறமாகத் திரும்பிய வேன் ஒன்று மோதியது. மறுநாட் காலை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் மட்டும் ஒரு கிழிவுமின்றி எங்கள் வீடு வந்து சேர்ந்தது.

துக்கம் கேட்க வந்தோர் பலவாறு பேசினர். அயலார் சிலர் ஊழ்வலி என்றனர். எங்கள் பாட்டியார் யோபு பக்தன் கூறிய சொல்லையே மீண்டும் மீண்டும் கூறி, தேவசித்தம் என்று கண்ணீர் உகுத்தார். "பார்த்துக் கடந்திருக்கலாமே" என்று மெல்லக் கூறினாரும் உளர். நானோ அவ்வண்டியை ஓட்டியவனையே நினைத்தேன். அவன் அயலூரான், இருபத்திரண்டு வயதினன். காவலர் அவனைக் கைது செய்தனர். அவன் வேலையை இழந்தான். அது கேட்டு மகிழ்ந்தேன் என்பதை இங்கு நாணத்தோடு எழுதுகின்றேன். ஞாயிறுதோறும் பிறர் பிழையை மன்னிப்பதாக வாயாற் சொல்லிவந்த யான், அவ்வொருவனை மட்டும் அக்கணக்கிற் சேர்க்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில், கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர், உரிய இசைவு பெற்று, நகரின் ஒரு பகுதியில் ஐந்தாண்டுகளாக நிகழ்ந்த சாலை விபத்துக்களின் அறிக்கைகளை ஆராயத் தொடங்கினார். மாண்டார் பெயர்களும் ஓட்டினார் பெயர்களும் மறைக்கப்பட்டிருந்தன. கையெழுத்தில் அமைந்த தமிழ் அறிக்கைகளைப் படித்துப் பகுக்கத் தமிழ் மாணவர் சிலர் வேண்டும் என்றார். ஏட்டுச்சுவடி படிக்கப் பழகுவோர்க்கு இஃது எளிதாம் என்று எண்ணி யானும் சென்றேன். ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒவ்வோர் அட்டை எழுதினோம்: நாள், நேரம், இடம், மாண்டவர் நடந்து சென்றவரா, இருசக்கர வண்டியில் வந்தவரா, அகவை, மோதிய வண்டி நேரே வந்ததா, திரும்பியதா, வெளிச்சம் உண்டா, மழை பெய்ததா. இவையே அட்டையின் அங்கங்கள்.

ஐம்பது அறிக்கைகளைப் படிப்பதற்குள் ஒரு சொற்றொடர் எனக்கு மனப்பாடமாயிற்று. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்பது அது. லாரியாயினும், பேருந்தாயினும், இருசக்கர வண்டியாயினும், பட்டப்பகலாயினும், நள்ளிரவாயினும், அத்தொடர் மட்டும் மாறவில்லை. அதனை எழுதிய காவலரைக் குறைகூற யான் எழுதவில்லை; வழக்கு நடத்துதற்கு அத்தொடர் வேண்டப்படுகின்றது. யார் குற்றவாளி என்னும் வினாவிற்கு அது விடையாகும். ஏன் இங்கே, ஏன் இந்நேரத்தில், ஏன் மீண்டும் மீண்டும் என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை.

ஒருநாட் பிற்பகல் யான் எடுத்த அறிக்கையிலே அந்த டிசம்பர் மாதத்துத் தேதி இருந்தது. மாலை மணி 7.40. நடந்து சென்றவர், ஆண், அகவை 51. வலப்புறம் திரும்பிய வேன். பெயர் மறைக்கப்பட்டிருந்தது, எனக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. சிறிது நேரம் எழுதுகோலைக் கீழே வைத்திருந்தேன். அருகிலிருந்த நண்பன், "என்னடா, எழுத்து விளங்கவில்லையா?" என்று கேட்டான். "விளங்குகிறது" என்று கூறி, அவ்வட்டையை என் கையாலேயே எழுதி முடித்தேன்.

பின்னர் அட்டைகளை இடவாரியாக அடுக்கினோம். சிறிய தந்தையாரது அட்டையோடு, அதே தெருமுனையைச் சேர்ந்த வேறு மூன்று அட்டைகள் வந்து கூடின. ஒன்று ஒரு மூதாட்டி; ஒன்று மிதிவண்டியிற் சென்ற சிறுவன்; ஒன்று வேலை முடித்து வீடு திரும்பிய கூலித்தொழிலாளி. நால்வரும் அந்தி மயங்கியபின் இரவு ஒன்பது மணிக்குள் மோதப்பட்டவர். நால்வருள் மூவர்மீது மோதியவை வலப்புறம் திரும்பிய வண்டிகள். ஓட்டிய நால்வரும் ஒருவரையொருவர் அறியாதவர். வேறு வேறு ஊரினர். வேறு வேறு அகவையினர். நால்வரும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டினர் என்றே நான்கு அறிக்கைகளும் கூறின.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் முறையைப் பற்றி வகுப்பிற் கேட்ட ஒரு செய்தி அப்பொழுது நினைவிற்கு வந்தது. சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலாய பெரியோர், ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டனர். ஓர் ஏட்டில் மட்டும் ஒரு பிழை இருப்பின், அஃது அவ்வேட்டை எழுதினவன் பிழை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கையினர் எழுதிய பல ஏடுகளில், அதே இடத்தில், அதே பிழை காணப்படின், அப்பிழை பெரும்பாலும் அவர்கள் பார்த்தெழுதிய மூல ஏட்டினது. எழுதினவரை வைதுகொண்டிருப்பதாற் பயனில்லை. மூலத்தைத் திருத்தல் வேண்டும். நான்கு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு யான் உணர்ந்தது இதுவே: அத்தெருமுனையே மூல ஏடு. அதன்கண் பிழை உளது. வந்த வண்டிகள் அதனைப் படியெடுத்தன.

இவ்வுணர்ச்சி எனக்குப் புதிது, உலகிற்குப் புதிதன்று. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. சாலையில் ஒருவரும் சாகலாகாது; ஒருவரும் கொடுங்காயமுறலாகாது; அடையத்தக்க எண் பூச்சியம் ஒன்றே என்பது அது. கிளாஸ் திங்வால் என்னும் அறிஞர் அக்கொள்கையை வகுத்தோருள் முதன்மையானவர். அதன் அடிப்படை எளிது. மனிதன் தவறுவான், எத்துணைக் கற்பித்தாலும் ஒருகால் தவறுவான். அத்தவறுக்கு மரணம் தண்டனையாகாதவாறு சாலையை அமைத்தல் அமைப்போர் கடன். அவ்வாண்டு முதல் அந்நாட்டுச் சாலைகளில் நேரும் ஒவ்வொரு சாவும் தனித்தனியே இடத்திற் சென்று ஆராயப்படுகின்றது. காவலர் அறிக்கையோடு மருத்துவமனை அறிக்கையையும் இணைத்துத் தொகுக்கும் கணக்கேடும் அங்கு உண்டு. காவலர் காணாத காயங்களை மருத்துவர் காண்பர் அன்றோ? 1997-இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 541 பேர். 2020-இல் 204 பேர். பூச்சியம் இன்னும் எட்டப்படவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் அழுகுரல் எழாமற் போயிற்று.

வேகத்தைப் பற்றிய ஒரு கணக்கை இங்குக் கூறுதல் தகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியால் மோதப்படுதல், 10 மீட்டர் உயரத்திலிருந்து, அஃதாவது ஏறக்குறைய மூன்று மாடி வீட்டின் உச்சியிலிருந்து, விழுதலை ஒக்கும். 30 கிலோமீட்டராயின் அவ்வுயரம் மூன்றரை மீட்டராகக் குறைகின்றது. முன்னதில் உயிர்க்கேடு நேரும் இடர் மிகுதி. பின்னதில் பெரும்பாலோர் பிழைப்பர். இக்கணக்கைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, உபாகமத்தின் 22-ஆம் அதிகாரம் என் நினைவிற்கு வந்தது. புதுவீடு கட்டுவோன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்புதல் வேண்டும் என்றும், அஃதின்றி ஒருவன் விழுந்து மாண்டால் அவ்விரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்றும் மோசேயின் சட்டம் விதிக்கின்றது. விழுந்தவன் விழித்து நடந்தானா என்று அச்சட்டம் கேட்கவில்லை. மேல்தளத்தில் நடப்பவன் ஒருநாள் கால் இடறுவான் என்பதை அஃது அறியும். ஆதலின் கட்டுவோனை நோக்கிப் பேசுகின்றது. தேவசித்தம் யாதென்று அங்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றது; அது சுவர் கட்டுதல்.

நியூயார்க் நகரத்தார் 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நடந்து சென்றோர் மாண்டும் கொடுங்காயமுற்றும் போன ஏழாயிரத்திற்கு மேற்பட்ட விபத்துக்களை அவர்கள் அட்டவணைப்படுத்தினர். நகரச் சாலைகளின் நீளத்திற் சிறு பகுதியேயாகிய பெருஞ்சாலைகளிலே, நடந்து சென்றோர் சாவுகளிற் பெரும் பகுதி நேர்ந்தமை தெரிந்தது. திரும்பும் வண்டிகளில், இடப்புறம் திரும்புபவை வலப்புறம் திரும்புபவற்றைக் காட்டிலும் மும்மடங்கு கேடு விளைத்தமையும் தெரிந்தது. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வன. ஆதலின் அவர்களுக்கு இடப்புறத் திருப்பம் எதுவோ, நமக்கு வலப்புறத் திருப்பம் அதுவே. இதனைப் படித்தபோது எங்கள் தெருமுனையின் மூன்று அட்டைகளும் என் கண்முன் நின்றன. கடல் கடந்த பெருநகரத்தில் ஏழாயிரம் அட்டைகள் கூறியதனையே இங்கு மூன்று அட்டைகள் கூறின. அந்நகரத்தார் 2014-இல் பூச்சியக் கொள்கையை மேற்கொண்டு, நகரின் பொது வேக எல்லையை மணிக்கு 30 மைலிலிருந்து 25 மைலாகக் குறைத்தனர். திருப்பங்களில் வண்டிகள் மூலையைக் குறுக்கே வெட்டிச் செல்லாது மெல்லச் சுற்றித் திரும்புமாறு சிறு மேடுகளும் குறுந்தூண்களும் நிறுத்தினர். சந்திகள் பலவற்றில், வண்டிகளுக்குப் பச்சை விளக்கு எரிவதற்குச் சில நொடி முன்னதாகவே நடப்போர்க்கு வழி விட்டனர். திரும்பும் ஓட்டுநன் அவர்களைத் தன் கண்ணெதிரே காணல் வேண்டும் என்பது கருத்து.

இத்துணை செய்தும் அந்நகரம் பூச்சியத்தை எட்டவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. 2013-இல் 299 பேர் மாண்ட நகரில், 2018 அளவில் அவ்வெண் இருநூற்றை ஒட்டி இறங்கிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் மீண்டும் ஏறி, 2021-இல் 270-ஐக் கடந்தது. கணக்கெடுத்தல் மருந்தன்று, நோயை அறியும் வழி மட்டுமே. அறிந்தபின் ஒவ்வொரு தெருவாகத் திருத்திக்கொண்டே செல்லும் ஊக்கம் குன்றின், எண்ணும் மீண்டும் ஏறும்.

ஊக்கம் குன்றாத நகரங்கள் பெற்ற பயனையும் கூறுகின்றேன். நார்வே நாட்டுத் தலைநகராகிய ஆஸ்லோவில், ஏழு லட்சத்திற்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழும் நகரில், 2019-ஆம் ஆண்டு முழுதும் சாலையில் மாண்டவர் ஒருவரே. அவரும் வண்டி ஓட்டிச் சென்றவர். நடந்து சென்றோரிலோ மிதிவண்டியிற் சென்றோரிலோ ஒருவரும் மாண்டிலர். நகரின் நடுவே வண்டி நிறுத்தும் இடங்கள் பலவற்றை நீக்கியும், வேகத்தைக் குறைத்தும், பள்ளிகளைச் சுற்றி வண்டிகளை விலக்கியும் இதனைச் செய்தனர். பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியிலோ, 2024-ஆம் ஆண்டு ஜூலை தொடங்கிப் பன்னிரண்டு மாதம் சாலையில் ஒருவரும் மாண்டிலர். அந்நகரத் தெருக்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் வேக எல்லை மணிக்கு 30 கிலோமீட்டர். அந்நகரத்தார் நம்மினும் நல்லவர் என்று யான் கருதவில்லை. அங்கும் ஓட்டுநர் கண்ணயர்வர். அங்கும் சிறுவர் பந்தின்பின் ஓடுவர். அத்தவறுகளைத் தாங்கும் தெருக்கள் அங்கு உள்ளன.

நம் நாட்டு நிலையைச் சொல்லவும் நெஞ்சு துணியவில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அஃதாவது நாளொன்றுக்கு 49 பேர். மக்கட்டொகையில் நாம் சுவீடனைப் போல ஏழு மடங்கினரே. சாலைச் சாவிலோ ஏறக்குறைய எண்பது மடங்கினர். நம்மிடத்துக் கணக்கு இல்லாமலில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் துணையோடு அமைக்கப்பட்ட தரவுத்தளம் ஒன்றில், 2021 முதலாகக் காவலர் விபத்து நேர்ந்த இடத்திலிருந்தே கைபேசி வாயிலாக விவரங்களைப் பதிந்துவருகின்றனர். தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துள், மூன்றாண்டில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துக்கள் ஐந்தாயினும், சாவுகள் பத்தாயினும், அவ்விடம் கரும்புள்ளி எனப்படும். அதனைத் திருத்த முயல்வர். நன்று. ஆயினும் எங்கள் தெருமுனை நெடுஞ்சாலையன்று. ஐந்தாண்டில் நால்வரையே அது கொண்டது. நால்வர் போதாரோ? பூச்சியத்தைக் குறிக்கோளாகக் கொண்டார்க்கு முதற்சாவே மணியோசை. பத்தாவது சாவு வரையிற் காத்திருத்தல், பத்துப் பசுக்கள் வரிசையில் வந்து மணியை அசைக்கட்டும் என்று அரண்மனைக் கதவைச் சாத்தியிருத்தலை ஒக்கும்.

ஜூலை மாதத்தில் ஒருநாள், நண்பனும் யானும் அட்டைகள் குறித்த அதே நேரத்தில் அத்தெருமுனையிற் சென்று நின்றோம். மூன்றாண்டுகளாக யான் அவ்வழியே நடவாது சுற்றிச் சென்றிருந்தேன். மாலை ஆறரை முதல் ஒன்பது வரை நின்று கண்டவை இவை. தெருவின் வாய் மிக அகன்று வளைந்திருந்தமையால், வண்டிகள் வேகம் குறையாமலே வலப்புறம் திரும்பின. கடப்பவர் நிற்கும் இடத்தைப் பெரிய விளம்பரப் பலகை ஒன்று மறைத்தது. பேருந்து நிறுத்தம் எதிர்ப்புறத்தே இருந்தமையின், ஆலயத்திலிருந்து வருவோர் அனைவரும் அங்கேயே கடக்க வேண்டியிருந்தது. தெருவிளக்கு ஒன்று எரியவில்லை. என் சிறிய தந்தையார் எங்கு நின்றிருப்பாரோ அங்கு நின்று பார்த்தேன். திரும்பும் வண்டி எனக்குத் தெரியவில்லை. பின்பு எதிர்ப்புறம் சென்று, ஓட்டுநன் வரும் திசையிலிருந்து பார்த்தேன். ஆங்கு நின்ற நண்பன் எனக்குத் தெரியவில்லை.

அவ்விரவு வீடு சென்று சித்தியிடம் இதனைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "அந்தப் பையன் வழக்கிற்கு வந்தபோது பார்த்தேன் தம்பி. அவன் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை" என்றார். அவ்வோட்டுநன் குற்றமற்றவன் என்று யான் இன்றும் கூறவில்லை. அவன் மெல்லத் திரும்பியிருத்தல் வேண்டும். ஆயினும் அவனை மட்டும் தேர்க்காலில் இட்டு, தெருவை அவ்வாறே விட்டதில் எங்களுக்கும் நகரத்தாருக்கும் பங்குண்டு என்பதை அறிந்தேன். அதன்பின் அவனை மன்னிப்பது எனக்கு அத்துணை அரிதாக இல்லை.

நான்கு அட்டைகளின் படிகளையும், தெருமுனையின் வரைபடத்தையும் இணைத்து, பேராசிரியரும் மாணவர் பதினொருவரும் கையொப்பமிட்டு உரியவர்களுக்கு விண்ணப்பம் விடுத்தோம். வேண்டியவை நான்கு: விளக்கு எரிதல், பலகை அகற்றல், தெருவின் வாயைக் குறுக்குதல், கடக்குமிடத்தை உயர்த்தி அமைத்தல். ஒரு திங்களுக்குள் விளக்கு எரிந்தது. பலகை ஆகஸ்டு மாதத்தில் அகற்றப்பட்டது. மற்றவை இரண்டும் இதை எழுதும் நாள் வரை நிறைவேறவில்லை. மீண்டும் எழுதியிருக்கின்றோம்; வரும் திங்களிலும் எழுதுவோம்.

எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்கள் என்றார் திருவள்ளுவர். எழுத்தை மட்டுமே கண்ணாகக் கொண்டு வாழ்ந்த தமிழ் மாணவனாகிய யான், மற்றைக் கண்ணை இவ்வாண்டிலேதான் திறந்தேன். இக்கல்லூரியிற் பயில்வோருள் நாளை பொறியாளர், ஆட்சியாளர், மருத்துவர், ஆசிரியர் ஆவோர் பலர் உளர். தம் தெருவில் ஒருவர் மாண்டார் என்று கேட்கும்போது, யார் குற்றம் என்பதோடு நில்லாது, இவ்விடத்தே இதற்குமுன் யார் மாண்டார் என்றும் கேட்குமாறு அவர்களை வேண்டுகின்றேன். காவல் நிலையத்து ஏடுகளில் உறங்கும் ஒவ்வோர் அறிக்கையும் ஓர் ஆராய்ச்சி மணி. அதனை அசைத்தவர் மீண்டு வாரார். கேட்கும் செவி மட்டும் நம்முடையது.

இவ்வாண்டும் டிசம்பர் மாதத்தில் எங்கள் ஆலயத்தில் கீதப் பயிற்சி நடக்கும். கீழ்க்குரல் வரிசையில், அக்கிழியாத பாட்டுப் புத்தகத்தோடு, யான் சேர்ந்திருக்கின்றேன். பயிற்சி முடிந்தபின் அத்தெருமுனையில் நின்று, சிறுவரையும் முதியோரையும் கைகாட்டிக் கடத்தி விடுவதென்று நண்பர் நால்வர் முறைவைத்திருக்கின்றோம். தெரு திருந்தும் வரையில் அது நடக்கும்.